நெப்டியூனுக்குக் கால்சட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கழிப்பறையில்.

சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஹில்லேகொண்டாவுக்குப் பிறந்தநாள். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளைச் சுற்றிவந்து, அவளுக்கு, அவள் கணவனுக்கு, மாமியாருக்கு, மாமியாரின் தங்கைக்கு என்று எல்லாருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னேன். ஒரு துண்டு ஆப்பிள் கேக் தின்றேன். இரண்டாவது துண்டு வராது என்பது இந்த டச்சு ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதா? எழுந்து உள்ளே போனேன். இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுபோலக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் பிறந்தநாள் நாட்காட்டி. அதற்குப் பக்கத்தில், சட்டம் போட்டு, பழைய செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்று.

படத்தில் ஒரு கடலணை. அணைமேல் பொய்முடி வைத்த கனவான் ஒருவர் நிற்கிறார். அவர் காலடியில் மண்டியிட்டுத் தன் திரிசூலத்தை நீட்டுகிறான் நெப்டியூன், ரோமர்களின் கடலரசன். நம்ம வருணனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தாடியில் நீர் சொட்டுகிறது. மார்பு திறந்து கிடக்கிறது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை, பித்தான் வைத்த டச்சுக் கால்சட்டை!

நான் சிரித்த சிரிப்பில் வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள்.

"என்னாச்சு? உள்ள நல்லாத்தானே இருக்கே?"

"ஹில்லேகொண்டா, யாரு இந்த ஆளுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டது?"

"யாருக்குத் தெரியும்? மாமியார் வீட்டுச் சொத்து. கூடத்துல மாட்டினா வர்றவன் எல்லாம் சிரிக்கிறான்னு இங்க கொண்டாந்து மாட்டினேன். சீக்கிரம் வா, மத்தவங்களும் காத்திருக்காங்க!"

கால்சட்டையைப் போட்டுவிட்டது யார், ஏன்? அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம், முதல் வரைவு: "1731ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் கடல் சீறிக்கொண்டிருந்த ஒரு

வேண்டாம். கடல் சீறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வரைவு: "அறிவொளிக் காலத்து டச்சு அச்சுக்கலையில் பண்டைத் தொன்மங்கள் பெற்ற இடமானது..." எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனாலும் இந்த வாக்கியத்தை முழுசாகத் தூக்கிப்போட மனசில்லை. யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கே ஒரு பயலும் ரோமக் கடவுளரை நம்பவில்லை. ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போய் நரகத்துக்குப் பயந்துகொண்டு வந்தவர்கள். ஆனால் ஒரு படம் அச்சடிக்கவேண்டுமென்றால் மட்டும் அந்தப் பழைய தெய்வங்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். வியாபாரியின் படமா, மெர்க்குரி வா. புத்தகத்துக்கு முகப்புப் படமா, மினெர்வா வா. கல்யாணமா, அம்பும் வில்லுமாக அந்தக் குண்டுப் பையன் வா. நம்புகிற கடவுளை எடுபிடி வேலைக்குக் கூப்பிட முடியுமா? நம்பாத கடவுள்தான் எந்த வேலைக்கும் வருவார், கூலியும் கேட்கமாட்டார்.

மூன்றாம் வரைவு: "டீவர்ட்யே தகட்டைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் சின்னச் சுத்தியலால் தட்டினாள்."

ஆ, இது நடக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

டீவர்ட்யே தகட்டைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் சின்னச் சுத்தியலால் தட்டினாள். செம்பில் ஒரு கோடு தப்பாக விழுந்துவிட்டால் அப்படித்தான். முதலில் சுரண்டவேண்டும். சுரண்டிய இடம் குழியாகும். குழியைப் பின்னாலிருந்து தட்டி மேலே கொண்டுவந்து, தேய்த்து மெருகேற்றி, அப்புறம் புதுக்கோடு. என்னதான் தேய்த்தாலும் பழைய கோடு லேசாகத் தெரியும். (மேலே நான் சுரண்டிய வாக்கியங்கள் உங்களுக்குத் தெரிகின்றனவே, அதேபோல.)

அவளுக்கு முப்பது வயது. செம்பில் படம் பொறித்து அச்சடிக்க அப்பா விட்டுப்போன பட்டறையை, அச்சு உருளையும் மைவாசனையுமாக, அவள்தான் நடத்துகிறாள். ஊர் ஊஸ்டர்மேர். வரைபடத்தில் தேடாதீர்கள், ஊரும் நான் கட்டியது, அதைக் காக்கும் அணையும் நான் கட்டியது. ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அணையின் கடற்புறம் முழுக்க நெருக்கமாக அடித்த மரத்தூண்கள். அலையை வாங்கிக்கொள்வது அவைதான்.

அணையைப் பார்த்துக்கொள்ள ஒரு சபை, அதற்கு ஒரு தலைவர், வொல்ஃபர்ட் கோய்மன். ஆண்டுக்கொருமுறை அணையைச் சுற்றிப்பார்த்து முடித்ததும் அவர் வீட்டில் பெரிய விருந்து நடக்கும். இந்த வருஷம் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு படம் கொடுக்கவேண்டும், அணையோரத்துச் சத்திரங்களில் எல்லாம் அதை மாட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. கடலரசன் தன் முன்னால் மண்டியிட்டுத் தோற்றுப்போன படம்!

டீவர்ட்யே ஒப்புக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் மாட்டுச் சந்தை அறிவிப்பும் சாவு அறிவிப்பும் பொறித்தவளுக்கு ஒரு கடவுள் கிடைத்தால் விடுவாளா? கோடுகளை வளைத்து வளைத்து அந்த வயிற்றைத் திரட்டினாள். தாடியிலிருந்து விழும் ஒவ்வொரு துளிக்கும் தனியாக உளி பிடித்தாள். அவள் செய்ததிலேயே நல்லது அந்த நெப்டியூன்தான். அது அவளுக்கும் தெரியும்.

4

இப்போது அவள் தம்பி ரெய்ண்டர்ட். இவனை வைத்து நான் பட்ட பாடு!

முதலில் இவனைக் கோழையாக எழுதினேன், சரிப்படவில்லை. வீரனாக எழுதினேன், சகிக்கவில்லை. கடைசியில் இவன் அணைத் தச்சன் என்பதோடு விட்டுவிட்டேன். தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கித் தூண்களைத் தட்டிப்பார்ப்பது இவன் வேலை.

ஒருநாள் மத்தியானம் மோர்க்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி கஞ்சியில் கரண்டியைப் போட்டான்.

"என்னடா இது?"

டீவர்ட்யே மரத்தை எடுத்தாள். கனமே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினாள், விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே முழுக்கத் துளை. துளைக்குள் வழவழவென்று ஏதோ நெளிந்தது. மரத்தைத் தின்கிற கப்பல் புழு!

"ஐயோ! இது நம்ம அணை மரமாடா? எல்லா மரமும் இப்படியா? வாயத் திறந்து சொல்லேன்டா!"

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு விரலைத் தூக்கிக் கடவுள் பேர்ல சத்தியம் பண்ணிருக்கேன். தண்ணிக்குள்ள பாத்ததத் தரையில பேசமாட்டேன்னு."

"அப்ப இத எதுக்குக் கொண்டாந்து வெச்சே?"

"வாயாலதானே பேசமாட்டேன்னேன். கஞ்சி நல்லாயிருக்கு."

அந்த ஊரில் சத்தியத்தை மீறியவனோடு சேர்ந்து ஒருத்தரும் உட்காரமாட்டார்கள். அவனுக்கு வேலையும் போகும், பேரும் போகும். கோய்மன் எல்லாத் தச்சர்களிடமும் அந்தச் சத்தியத்தை வாங்கியிருந்தார்.*

* கோய்மனை வில்லனாக்க எனக்குக் கை அரித்தது. ஆனால் மனுஷன் ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிறார். வெளியே தெரிந்தால் ஜனங்கள் பயந்து ஓடுவார்கள், நிலத்துக்கு மதிப்புப் போய்விடும், மரத்துக்குப் பதிலாக அடுக்க நோர்வேயிலிருந்து கல் வரவழைக்கப் பணம் தருவதற்கு ஆள் இருக்காது. இந்த ஒரு குளிர்காலம் தாங்கிவிட்டால் போதும், வசந்தத்தில் கல் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் புயலுக்கு இடமில்லை, அவ்வளவுதான் கோளாறு.

ஊருக்குத் தெரிந்தால் குளிர்காலத்துக்கு முன்பே மாடுகளை மேட்டுக்கு ஓட்டலாம், கிழவர்களையும் குழந்தைகளையும் அனுப்பலாம், சபையின் கழுத்தைப் பிடித்துக் கல்லை இப்போதே வரவழைக்கலாம். தெரியாவிட்டால் எல்லாரும் அந்தத் தூண்களுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

டீவர்ட்யேவைப் போய்ச் சொல்லச் சொல்லலாமே என்கிறீர்களா? "உனக்கு யார் சொன்னது?" என்று முதல் கேள்வி வரும். ஒரே தம்பி. அவள் பட்டறைக்குப் போனாள். தகட்டில் நெப்டியூனுக்குக் கீழே வரிசையாக நின்ற தூண்களில் உளிமுனையை வைத்து ஒரு துளை போட்டாள். அப்புறம் இன்னொன்று.

5

முதல் பிரதியைப் பார்க்கக் கோய்மன் வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டீவர்ட்யே அவர் கண் போகிற இடத்தையே பார்த்தாள். துளையைக் கண்டுவிட்டால்?

"பிரமாதம்மா. ஆனா அவன் கெண்டைக்கால் என்ன இவ்ளோ பெருசா இருக்கு? பக்கத்துல என் கால் கொக்குக்கால் மாதிரி தெரியுதே."

"அவர் கடவுளாச்சேய்யா."

"மண்டி போட்ட கடவுள்தானே? மண்டி போடறவனுக்கு எதுக்கு இவ்ளோ காலு?"

அவள் கடவுளின் காலை இளைக்கவைத்து, தலைவரின் காலைக் கொழுக்கவைத்தாள். கையோடு இன்னும் சில துளைகள் போட்டாள்.

இரண்டாம் பிரதியைப் பார்க்க அவர் மனைவி ஹெஸ்டர் வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏம்மா டீவர்ட்யே, இத நான் எங்க மாட்டறது? வீட்டுல மூணு பொண்ணு வளருதே."

"துணி போட்டுடறேன்மா."

"போடு, போடு. அவசரமில்ல. இந்தப் பிரதி மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும்."

துணி வந்தது, காற்றில் பறக்கிற மாதிரி இடுப்பில் ஒரு சால்வை. கூடவே துளைகளும். மூன்றாம் பிரதிக்குப் போதகர் லம்பர்டுஸ் வந்தார். தலைவரும் கூடவே வந்தார். போதகருக்குக் கிட்டப்பார்வை, மூக்கு தூண்களில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"காத்துல பறக்கிற துணிய நான் நம்பமாட்டேன்," என்றார் போதகர்.

"போதகரே, இது சும்மா அலங்காரம்," என்றார் தலைவர்.

"கிறிஸ்தவ அணைமேல புறமதத்துச் சாமி! அதுவும் பாதி அவுந்த துணியோட! அலங்காரம்னா கௌரவமா உடுத்திட்டு வரட்டும்."

"அதுக்காக, கடலுக்குள்ள இருந்து வர்றவன் கால்சட்டையா போட்டுக்கிட்டு வருவான்?"

"ஏன், உங்க மீனவங்க போட்டுக்கிட்டுத்தானே வர்றாங்க?"

அப்புறம் பித்தான் முழங்காலில் வைப்பதா, பக்கவாட்டில் வைப்பதா என்று ஒரு சண்டை நடந்தது. கம்பளியா பட்டா என்று இன்னொரு சண்டை. கடவுளுக்குக் கம்பளி குத்தும் என்றார் தலைவர். குத்தட்டும் என்றார் போதகர்.

டீவர்ட்யே பெருமூச்சு விட்டு, உலகத்தின் முதல் நெப்டியூன் கால்சட்டையைப் பொறித்தாள். (முதல்தானா? நான் என்னத்தைக் கண்டேன்.) இதற்குள் தூண்களெல்லாம் சல்லடையாகிவிட்டன. ஒருத்தரும் பார்க்கவில்லை!

அவளுக்குக் குஷி தாங்கவில்லை. இவர்கள் பார்க்காததுதானே வேண்டும்! படம் சபையைத் தாண்டிவிட்டால் போதும், சத்திரத்துச் சுவரில் ஊரே பார்த்துக்கொள்ளும்.

6

[இந்தப் பகுதியில் டீவர்ட்யேவுக்கும் பட்டறைக்குக் காகிதம் கொண்டுவருகிற வியாபாரிக்கும் ஒரு காதல் இருந்தது. மைக்கறையோடு ஒரு முத்தமும் இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அணை ஓட்டையாகிக் கிடக்கும்போது

சுரண்டிவிட்டேன். அவர்கள் எப்படியோ நன்றாக இருக்கட்டும்.]

7

பரீட்சித்துப் பார்க்கலாம் என்று, சந்தைநாள் காலையில், கால்சட்டைப் பிரதி ஒன்றைச் சத்திரச் சுவரில் குத்தி வைத்தாள் டீவர்ட்யே. கூட்டம் கூடிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"யோவ், இவன் தையற்காரன் யாருய்யா?"

"தண்ணியில நனைஞ்சா சுருங்கிடுமே, பாவம்!"

"என் பொண்டாட்டி இதே துணியிலதான் எனக்கும் தெச்சா. இனிமே நான் போடமாட்டேன்பா."

டீவர்ட்யே கூட்டத்துக்குள் நுழைந்தாள். "கொஞ்சம் கீழ பாருங்களேன்."

விலாங்கு மீன் விற்கிற கிழவர் ஒருவர் கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தார். "அடடே, செருப்புகூட போட்டுருக்கான்டா!"

"இன்னும் கீழ பெரியப்பா!"

"ஓ, உன் பேரா? நீயா பொறிச்சே? நல்லாயிருக்கும்மா, நல்லாயிரு." அவர் மறுபடி கால்சட்டைக்குப் போய்விட்டார்.

அவள் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். தலைக்கு மேலே அணை, அணைக்கு அந்தப் பக்கம் கடல். அவள் போட்ட துளைகளை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

இங்கேதான் எனக்கும் உறைத்தது. என் தலைப்பைப் பாருங்கள். தூணுக்கா கொடுத்தேன்? நீங்களும்தான் எங்கே சிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். புழு நெளிந்த இடத்தில் ஒரு வினாடி முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் பித்தான் சண்டையை ரசிக்கப் போய்விட்டீர்கள். குற்றம் சொல்லவில்லை, நானே அங்கேதான் அதிகநேரம் உட்கார்ந்திருந்தேன். கடவுள் இருக்கிற படத்தில் மரத்தை யார் பார்ப்பார்கள்?

8

அப்படியானால் செய்யவேண்டியது ஒன்றுதான். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"ஐயா, கால்சட்டையில நிழல் சரியா விழல. சரிபண்ணி, அச்சடிச்சு, விருந்தன்னிக்கு நானே கொண்டாந்துடறேன்," என்று தலைவருக்குச் சொல்லி அனுப்பினாள். பட்டறைக் கதவைச் சாத்தினாள். சுரண்டியை எடுத்தாள்.

முதலில் கால்சட்டை போனது. அதற்காக யாரும் வருத்தப்படவேண்டாம். அப்புறம் கால்கள், அந்த வயிறு, தோள். தாடிக்கு வந்தபோது கை ஓடவில்லை. ஒவ்வொரு துளியும் அவள் பெற்றது. இப்படி ஒரு தாடி இனி அவள் கைக்கு வருமா? இனி யார் அவளுக்கு ஒரு கடவுளைக் கொடுப்பார்கள்?

"மன்னிச்சுக்கய்யா," என்று தகட்டைப் பார்த்துச் சொன்னாள். "நீ நல்லவன்தான். ஆனா ரொம்ப மறைக்கிறே."

அழுதுகொண்டே சுரண்டினாள். தகட்டைக் குப்புறப் போட்டுத் தட்டினாள், மெருகேற்றினாள். அந்த இடத்தில் ஒன்றும் பொறிக்கவில்லை.

9

விருந்து. தலைவர் வீட்டு நீள மேசை. சுட்ட பன்றித்தொடை, விலாங்கு, பீர், புகையிலைப் புகை. மேல்பக்கம் சபைக்காரர்கள், ஹெஸ்டர், போதகர். கடைக்கோடியில் தச்சர்கள், அவர்களில் ரெய்ண்டர்ட். டீவர்ட்யே படங்களைச் சுருட்டி நாடா கட்டி ஒவ்வொருத்தர் தட்டுக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டு, சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

கோய்மன் கோப்பையை உயர்த்தினார். "நம்ம அணைக்கு!"

எல்லாரும் குடித்தார்கள். நாடாவை அவிழ்த்தார்கள்.

படத்தில் தலைவர் கொழுத்த காலோடு அணைமேல் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். கை நீண்ட இடத்தில் வெறும் வெள்ளை.

"கடவுள் எங்கப்பா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"கால்சட்டைய அளவெடுக்கப் போயிருப்பார்!"

மேசை அதிர்ந்தது. சிரிப்பு ஒரு சுற்று வந்தது. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் கண்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சிரிப்பு குறைந்தது. போதகர் தாளை மூக்கருகே கொண்டுபோனார், அப்படியே வைத்திருந்தார்.

"என்ன இது, புள்ளி புள்ளியா?" ஹெஸ்டர் விரலால் தடவினாள்.

"தகட்டுல தூசி," என்றார் கோய்மன். அவர் தன் படத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"தூசி மரத்துமேல மட்டும் பாத்துப் பாத்தா விழும்?" அவள் மேசையின் கடைக்கோடிக்குத் திரும்பினாள். "ரெய்ண்டர்ட், தினம் தண்ணிக்குள்ள எறங்கறவன் நீ. என் புள்ளைங்க அந்த அணைக்குக் கீழதான் தூங்குது. நம்ம மரம் இப்படியாப்பா இருக்கு?"

"சத்தியத்த நினைச்சுக்க தம்பி," என்றார் கோய்மன் மெதுவாக.

10

முடிவுகள்.

ஒன்று: அந்த நொடியில் புயல் வந்து அணை உடைகிறது. சீ, எழுத்தாளனுக்கு வேலை மிச்சம்.

இன்னொன்று: கோய்மன் விம்மி அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். எழுதினேன். படித்துப் பார்த்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

இன்னொன்று: ரெய்ண்டர்ட் வாயைத் திறக்காமல் பையிலிருந்து மரத்துண்டை எடுத்து மேசைமேல் வைக்கிறான். கைதட்டல். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து சுரண்டிவிட்டேன். ஒருமுறை கஞ்சிக்குப் பக்கத்தில் வைத்துத் தப்பித்தவன், எத்தனை முறை தப்பிப்பான்? ஹெஸ்டர் கேட்டது அவன் வாய்ச்சொல்லை.

ரெய்ண்டர்ட் எழுந்து நிற்கிறான். வாசலில் நிற்கிற அக்காவைப் பார்க்கிறான். அவள் தலையசைக்கவில்லை, அவளால் முடிந்ததை அவள் செய்தாகிவிட்டது. அவன் உதடு பிரிகிறது.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அவனைப் பேசவைத்தால் அவன் சத்தியம் கெட்டு வாழவேண்டும். பேசாமல் உட்காரவைத்தால் அந்தக் குழந்தைகள் அங்கேயே தூங்கவேண்டும். இரண்டையும் எழுதினேன், இரண்டையும் சுரண்டினேன், தாள் கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது.

ஹெஸ்டர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நம்ம மரம் இப்படியாப்பா இருக்கு?

சத்தியம் பண்ணியவன் அவன். நீங்கள் பண்ணவில்லை. துளைகளை நீங்கள் பார்த்தாகிவிட்டது. எழுந்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி, சொல்லுங்கள்.